விரற்கடை நீர்

ஒரு தை மாதக் காலையில் கோடியக்கரைச் சதுப்பின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். தொலைநோக்கி கண்ணைவிட்டு இறங்கவே இல்லை. எதிரே பழுப்பு நிறத்தில் தரையே நகர்வதுபோல் ஒரு பறவைக் கூட்டம். எல்லாம் சிறியவை, எல்லாம் ஒரே சாயல். எது எந்த இனம் என்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டுவதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தேன். கூட வந்த அண்ணன் கோடியக்காட்டுக்காரர். பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டுகிறவர்களோடு பல வருடம் வலை சுமந்து அலைந்தவர். என் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குருவிய விடுங்க தம்பி. தண்ணியப் பாருங்க. தண்ணி எவ்வளவுன்னு தெரிஞ்சா, நிக்கிற குருவி எதுன்னு தானா தெரிஞ்சிரும்."

குனிந்து சுட்டுவிரலை நீரில் ஊன்றி எடுத்துக் காட்டினார். முதல் கணுகூட முழுதாக நனையவில்லை. பிறகு ஒரு காய்ந்த உமரிக் குச்சியை ஒடித்து, நீர் முடிந்து சேறு தொடங்கும் கோட்டில் நட்டார். "திரும்பி வரும்போது பாப்போம்" என்றார்.

அந்த விரலை அளவாக வைத்துக்கொண்டு பார்த்தபோது சதுப்பு வேறொன்றாகத் தெரிந்தது. நீர் இல்லாத ஈரத்தரையில் உப்புக்கொத்திகள் ஓடின. ஒரு விரற்கடை நீரில் கொசு உள்ளான்கள். அதற்கும் அப்பால், நாலைந்து விரல் ஆழத்தில், நீண்ட அலகைச் சேற்றுக்குள் முழுக்கச் செருகி நின்றவை மூக்கான்கள். ஒரு சாண் நீரில் சிவந்த நெடுங்கால்களோடு பவளக்கால் உள்ளான்கள் நடந்தன. தொலைவில், முழ ஆழத்தில், வெயிலில் மங்கலாகத் தெரிந்த ரோசாக் கோடு பூநாரைக் கூட்டம். யாரோ கயிறு பிடித்து வரிசை பிரித்ததுபோல் இருந்தது. காலின் நீளம் அது நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அலகின் நீளமோ எவ்வளவு ஆழத்தில் புதைந்த இரை அதனுடையது என்பதைச் சொல்கிறது. கொசு உள்ளானின் அலகு 2 செ.மீ.க்கும் குறைவு. அதே சேற்றில் மேயும் பெரிய கோட்டானின் வளைந்த அலகு 10 செ.மீ.யைத் தாண்டும். இரண்டும் அருகருகே நின்றாலும் ஒன்றின் உணவை இன்னொன்று தொடுவதில்லை.

இங்கே இவ்வளவு பெரிய பரப்பில் இவ்வளவு குறைந்த நீர் எப்படி நிற்கிறது? வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் முழங்கையை மடக்கியதுபோல் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. மடங்கிய அந்தக் கைக்குள், மணல்மேட்டுக்குப் பின்னால், மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீண்டு கிடப்பதுதான் வேதாரண்யம் சதுப்பு. காவிரிப் படுகையின் கடைமடையும் இதுவே. ஆறுகள் கொண்டுவரும் வண்டலில் மிக மெல்லியது, வேறெங்கும் தங்காதது, இங்கே வந்துதான் படிகிறது. அதனால் தரை தாம்பாளம்போல் தட்டை.

தட்டைத் தரையில் ஒரு விரல் நீருக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு ஒரு முழம் மட்டுமே சரியும் தரை என்று வைத்துக்கொள்வோம். நம் பழைய அளவையில் முழத்துக்கு 24 விரல். நீர் ஒரு விரல் இறங்கினால் சுமார் 40 மீட்டர் அகலத்துக்குப் புதிய சேறு வெளியே வரும். கரை நெடுக அத்தனை அகலம் என்றால் எத்தனை ஏக்கர்! ஒரு விரல் ஏறினாலும் அதே அளவு மேய்ச்சல் மூழ்கிப்போகும். கொசு உள்ளானுக்கு இரண்டு விரல் நீர் கூடினால் கடல் கூடியதுபோலத்தான்.

நீரை ஏற்றி இறக்குவதில் இங்கே காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பாக் நீரிணையில் கடலின் ஏற்றவற்றம் சிறியது. ஆனால் வாடை ஊதினால் சதுப்பின் ஆழமில்லாத நீர் முழுக்கத் தென்மேற்காக ஒதுங்கும். காற்று ஓய்ந்தால் திரும்பி வரும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிற மீனவர்கள் வலையெடுக்கப் போகுமுன் காற்றைப் பார்க்கிறார்கள். பறவைகளும் பார்க்கின்றன. நேற்று ஆயிரக்கணக்கில் மேய்ந்த இடம் இன்று வெறிச்சோடிக் கிடப்பதற்கு அநேகமாக இரவில் திரும்பிய காற்றுதான் காரணம்.

இனிச் சேற்றுக்கு வருகிறேன். கோடியக்கரைச் சேற்றை நம்மில் பலர் கண்ணால் பார்க்குமுன்பே அறிவோம். 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடும் வந்தியத்தேவன் புதைந்து தவிப்பது இந்தச் சேற்றில்தான். கால் வைத்தால் இழுக்கும், காய்ந்தால் வெடிக்கும், நாற்றமும் அடிக்கும். அந்த நாற்றத்தை நான் நேசிக்கத் தொடங்கியது அதன் காரணம் தெரிந்த பிறகு. மக்கிய இலையையும் தழையையும் காற்றுப் புகாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது எழும் கந்தக வாடை அது. அங்கே சமையல் நடக்கிறது என்று பொருள். மேலே வெயில் அடிவரை இறங்கும் நீர். அதனால் சேற்றின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்கள் பொன்பழுப்பாகப் படர்கின்றன. அவற்றைத் தின்னப் புழுக்கள், பூச்சிகளின் இளம்புழுக்கள், அரிசியளவு நத்தைகள், மட்டிகள். ஆழமான நீரில் மீன் தின்றுவிடக்கூடிய இவற்றில் பெரும்பங்கு இங்கே கரைப்பறவைக்கு மிஞ்சுகிறது.

ஆனால் சேற்றுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே? உப்புக்கொத்திக்குப் பெரிய கண்கள். ஓடும், சட்டென்று நிற்கும், மேலே அசைவதைக் கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் பிழைக்கும் குலம். உள்ளான் குலம் அப்படியல்ல. தையல் எந்திரத்தின் ஊசிபோல் அலகைக் குத்திக் குத்தி எடுக்கும். அந்த அலகை நாம் கொம்பு, எலும்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அது விரல் நுனி. அலகின் முனையில் நுண்குழிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குழிக்குள்ளும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள்.

அவை எதை உணர்கின்றன என்பதை நெதர்லாந்தின் தெயூனிஸ் பியர்ஸ்மாவும் அவரது குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஒரு சோதனை காட்டியது. உள்ளான் இனம் ஒன்றின் முன் வாளிகளில் மணலை வைத்து, சிலவற்றில் மட்டும் பொருளைப் புதைத்தார்கள். மட்டியைப் புதைத்தாலும் கண்டது, உயிரற்ற கல்லைப் புதைத்தாலும் கண்டது. ஆகவே மணத்தாலோ இரையின் அசைவாலோ அல்ல. ஈர மணலில் கண்டது, காய்ந்த மணலில் காணவில்லை. அங்கேதான் விடை இருந்தது. அலகு ஈர மணலில் இறங்கும்போது மணிகளுக்கிடையே உள்ள நீர் நெருக்கப்பட்டு விலகுகிறது. வழியில் கடினமான பொருள் ஒன்று இருந்தால் அந்த நீரின் அழுத்தம் அங்கே மாறி, அந்த மாற்றம் அலகு நுனிக்குத் திரும்பி வருகிறது. தொடாமலே தொட்டுப் பார்க்கும் வித்தை. ஈரம் இல்லையேல் வித்தையும் இல்லை. இதைப் படித்த பிறகு, காய்ந்து வெடித்த சேற்றில் ஓர் உள்ளான் அலகை நீட்டாமல் நிற்பதைக் கண்டால் எனக்கு வேறுவிதமாகப் புரிகிறது. அதற்கு அங்கே இருட்டு.

கண்டுபிடித்துவிட்டது, எப்படி எடுக்கும்? விரற்கணக்கில் சேற்றுக்குள் புதைந்த அலகை முழுதாகத் திறக்க முடியாது. மூக்கான் போன்றவை அலகின் நுனியை மட்டும் இடுக்கிபோல் பிரித்து மூடும். மேல் அலகின் முனை வளைந்து கொடுக்கும் அமைப்பு. சிறியவற்றின் உத்தி இன்னும் நுட்பமானது. கொசு உள்ளான் பூச்சிப்புழுவை ஒரு சொட்டு நீரோடு சேர்த்து அலகு நுனியில் பற்றுகிறது. பின் அலகை மெல்லத் திறக்கிறது. நீர்த்துளிக்கு இரண்டு பரப்பையும் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டல்லவா, அந்த இயல்பால் துளி குறுகலான பக்கம் நோக்கி, அதாவது வாயை நோக்கி, இரையையும் சுமந்துகொண்டு நகர்கிறது. தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. துளி கீழிருந்து மேலே ஏறுகிறது.

பூநாரை இதற்கு நேர் எதிர்த்திசையில் யோசித்திருக்கிறது. அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீரில் வைக்கிறது. தடித்த நாக்கு நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் ஓடி நீரை உறிஞ்சித் தள்ளுகிறது. அலகோரத்துச் சீப்புப் பற்களில் உணவு தங்குகிறது. கோடியக்கரைக்குப் பெரும் பூநாரை, சிறு பூநாரை இரண்டுமே வருகின்றன. பெரியதன் சல்லடை கொஞ்சம் கரடு. அதில் சிக்குபவை உப்புநீர் இறாலும் புழுக்களும். சிறியதன் சல்லடை மிக நுண்மை. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசியையே வடித்துவிடும். நிறமும் அந்த உணவிலிருந்து வருவதுதான். குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். பாசியில் உள்ள நிறமி பல வருடம் உடலில் சேர்ந்து சேர்ந்து இறகு சிவக்கிறது. வடிகட்டி உண்பது சோம்பலான வேலை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2025-ல் விக்டர் ஒர்த்தேகா ஹிமேனெஸ் குழுவினர் சிலி நாட்டுப் பூநாரை இனத்தைப் படம்பிடித்து ஆராய்ந்து, அது நீருக்குள் சுழல்களை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். தலையை விசையோடு மேலே இழுத்து ஒரு சுழல், அலகைக் கடகடவென்று அடித்து ஒரு சுழல், காலை மிதித்து மிதித்து இன்னொன்று. அடியில் கிடக்கும் இரை மேலே சுழன்று நேரே அலகுக்கு வருகிறது. பூநாரைக் கூட்டம் இடத்தைவிட்டு நகராமல் காலை மாற்றி மாற்றி மிதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்தேன்.

இந்த நீர் எல்லாம் உப்பு. கோடை நெருங்க நெருங்கக் கடலைவிடக் கரிப்பு கூடும், வைகாசியில் பல இடங்களில் வெள்ளைப் பொருக்குதான் மிஞ்சும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்துவந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்தது இந்த மண்ணில்தான். இவ்வளவு உப்பையும் பறவை குடிக்கிறது. அதன் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து, கடல்நீரைவிடக் கரிப்பான திரவமாக மூக்குத்துளை வழியே வெளியேற்றுகிறது. மேய்ச்சலுக்கு நடுவே ஓர் உள்ளான் தலையைச் சிலுப்பி ஒரு துளியை உதறும். அது உதறுவது உப்பு. 'உப்புக்கொத்தி' என்று பெயரிட்ட நம்மவர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எவ்வளவு பொருத்தம்!

உப்பு ஏற ஏற உயிர்வகைகள் குறைகின்றன, மீன் விலகிவிடுகிறது. அப்போது ஒன்று மட்டும் பெருகும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால், நகக்கண் அளவு. கடலைப்போலப் பல மடங்கு உப்பிலும் அது நீந்தும். நீர் வற்றினால் முட்டை தூசியாகக் கிடந்து வருடக்கணக்கில் காத்திருக்கும். உப்பளப் பாத்திகளில் செம்மையாகத் தெரியும் நீரோரம் பூநாரைகளும் ஆலாக்களும் கூடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

இவ்வளவும் உள்ளூர்க் கதை. கொசு உள்ளானோ உள்ளூர் இல்லை. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம், இரண்டு மேசைக்கரண்டி அரிசி. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரையில், மரமே வளராத துந்திரப் பகுதியில். இதே சேற்றில் மேயும் வளைமூக்கு உள்ளான் பிறப்பது வட சைபீரியாவில், தைமீர் தீபகற்பத்திலும் அதைச் சுற்றியும். அங்கிருந்து கோடியக்கரைக்கு நேர்கோட்டில் போட்டாலே ஏறத்தாழ 7000 கி.மீ. ஆவணியில் முதல் கூட்டம் வந்து இறங்குகிறது, பங்குனி சித்திரையில் திரும்புகிறது. கிளம்புமுன் தின்று கொழுக்கும். மூக்கான் இனத்தில் உடலில் பாதி எடைகூடக் கொழுப்பாக இருக்கும். பறப்பதற்குத் தேவையில்லாத குடலும் ஈரலும் சுருங்கிவிடும், போய்ச் சேர்ந்தபின் மீண்டும் வளரும். இந்தச் சேற்றில் கிடைக்கும் ஒவ்வொரு புழுவும் அந்தப் பயணத்துக்கான எண்ணெய்.

என்னை எப்போதும் நிறுத்திவைப்பது இன்னொன்று. வளைமூக்கு உள்ளானிலும் கொசு உள்ளானிலும் பெற்றோர் முதலில் கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட மூத்தவர் இல்லாமல், இதுவரை பார்த்திராத நாட்டை நோக்கிப் பறக்கின்றன. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கான் இனத்தின் இளம்பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. முதுகில் கட்டிய செயற்கைக்கோள் கருவி சொன்ன கணக்கு. அதே இனம் கோடியக்கரையிலும் கணுக்கால் நீரில் நின்று மேய்கிறது.

அந்த இளம்பறவைகள் எத்தனை வரும் என்பதை லெம்மிங் என்னும் வடதுருவ எலி தீர்மானிக்கிறது. அந்த எலி சில வருடங்களுக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரியும். பெருகிய வருடத்தில் நரிகள் எலியைத் தின்று வயிறு நிறைந்து பறவைக் கூட்டை விட்டுவிடும். சரிந்த வருடத்தில் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். தென்னாப்பிரிக்கக் கடற்கழிகளில் வளைமூக்கு உள்ளான்களைப் பல வருடம் எண்ணியவர்கள், இளசுகளின் எண்ணிக்கை சைபீரிய எலியின் ஏற்றஇறக்கத்தோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். நம் கடைமடைச் சேற்றுக்கு வருவதும் அதே இனம்தான்.

பறவையின் பாதை நமக்குத் தெரியவந்ததற்குக் காரணம் ஒரு நோய். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற புதிய வைரஸ் காய்ச்சல், ரஷ்யாவில் உண்ணி பரப்பும் ஒரு நோயின் சாயலில் இருந்தது. வலசைப் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் ஆய்வு தொடங்கியது. தலைமை சாலிம் அலி. பீகாரின் மீர்ஷிகார்கள், பரம்பரையாகக் கண்ணி வைத்துப் பறவை பிடித்து விற்றவர்கள், அதே திறமையால் இறகு நோகாமல் பிடித்துக் கொடுத்தார்கள். காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தப் பணியின் முக்கியக் களங்களில் ஒன்றானது கோடியக்கரை. நோய்ப்பழி பறவைமேல் நிலைக்கவில்லை, வழித்தடம் பற்றிய அறிவு நிலைத்தது. என் அண்ணனும் அந்த மரபில் வந்த வலை சுமப்பவர்தான். "கையில எடுத்தா நெஞ்சு அடிக்கிறது மட்டும்தான் தெரியும் தம்பி. கனமே இருக்காது" என்றார்.

1967-ல் இது சரணாலயமானது. 2002-ல் வேதாரண்யம் சதுப்பும் முத்துப்பேட்டையும் சேர்ந்து 38,500 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. ஆனாலும் அண்ணன் சொல்லும் பழைய கூட்டங்கள் இப்போது இல்லை. ஆய்வாளர்களின் கணக்கும் அதையே சொல்கிறது. உப்பள வரப்புகள் பெருகி நீரைக் கட்டம் கட்டிவிட்டன, ஆற்று நன்னீர் வருவது குறைந்தது, சீமைக்கருவேலம் ஏறுகிறது. காற்றோடு தவழ்ந்து இறங்கும் நீருக்குத்தான் விளிம்பு உண்டு, அந்த விளிம்பில்தான் விரற்கடை உண்டு. வரப்புக்குள் தேக்கிய நீருக்கு ஒரே ஆழம்தான். இழப்பு இங்கே மட்டும் நேர்வதும் அல்ல. சைபீரியாவுக்கும் நமக்கும் இடையே எந்த நிறுத்தம் கெட்டாலும் இங்கே எண்ணிக்கை குறையும். 2024-ல் வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்புள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இது ஆழமான வருத்தம். ஒரு விரல் நீரைக் காத்துத் தர முடியாதவர்களா நாம்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 10 கி.மீ. பெருமழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும் தை, மாசி எனக்குப் பிடித்த காலம். சதுப்புப் பக்கம் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். விடியலில் போங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கூட்டம் மேய்வதை விட்டுத் தலை தூக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒருமுறை அவற்றை எழுப்பிவிட்டால், சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகும். காட்டுப்பக்கம் பாலை மரங்களுக்கிடையே வெட்டவெளியில் வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மேயும். அவற்றுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

பத்து மணிக்கு மேல் நாங்கள் திரும்பினோம். விடியலில் இருந்த வாடை தணிந்து, முகத்தில் கொண்டல் பட்டது. நட்டுவைத்த உமரிக் குச்சியைத் தேடினேன். அது கரையில் இல்லை. நீருக்குள் தனியாக நின்றது, சுற்றிலும் பளபளப்பு. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி இறங்கி விரலை ஊன்றினார். இரண்டு கணு நனைந்தது. காலையில் அங்கே மேய்ந்த கொசு உள்ளான்கள் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் பின்னால், நாங்கள் சற்றுமுன் நடந்துவந்த தடத்தின் குளம்புபோன்ற குழிகளில் நீர் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் குழிகளைச் சுற்றி அவை ஓடிக்கொண்டிருந்தன.